பழைய பறவைப் படநூலை வாங்குமுன் பிரதியைப் படிப்பது எப்படி?

ஆடுபான், கூல்ட் போன்றோர் வெளியிட்ட பெரிய பறவை நூல்களின் படங்களைப் பார்த்து மனம் பறிகொடுத்ததாகவும், அத்தகைய பழைய நூல்களைச் சிறுகச் சிறுகச் சேர்க்க விரும்புவதாகவும் எழுதி, எந்த நூலில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ரீங்காரச் சிட்டுகளின் (ஹம்மிங்பேர்ட்) படம் வரைந்த தனித்தாள் ஒன்றை ஒரு விற்பனையாளர் ‘கூல்டின் அசல்’ என்று காட்டினார், நம்பலாமா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். என் பார்வையில் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. சிறந்த நூல்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். கண்முன் இருக்கும் பிரதி, அது சொல்லிக்கொள்ளும் பொருள்தானா என்று கண்டறிவதுதான் சேகரிப்பவருக்கு ஒவ்வொரு முறையும் தேவைப்படும் திறமை. நான் நெடுங்காலம் பழைய இயற்கை வரலாற்று நூல்களைத் தாள் தாளாகச் சரிபார்த்து விவரப் பட்டியல் எழுதும் பணியில் இருந்தவன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். விலை மதிப்பீடு என் துறை அன்று என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, இந்த நூல்களில் பெரும்பாலானவை இன்று நாம் கடையில் வாங்கும் புத்தகங்களைப் போல முழுதாகத் தைத்துக் கட்டி விற்கப்பட்டவை அல்ல என்பதுதான். அவை சந்தாதாரர்களுக்குப் பகுதி பகுதியாக, மெல்லிய காகித உறைக்குள் வைத்து அனுப்பப்பட்டன. ஆடுபானின் ‘அமெரிக்கப் பறவைகள்’ 1827 முதல் 1838 வரை, பகுதிக்கு ஐந்து படங்களாக 87 பகுதிகளில் வந்து 435 படங்களோடு நிறைவுற்றது. படங்களோடு விளக்க உரையும் சேர்ந்திருந்தால் பிரிட்டனில் சட்டப்படி சில நூலகங்களுக்கு இலவசப் பிரதிகள் கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பதால், ஆடுபான் உரையைத் தனி நூலாக ஐந்து தொகுதிகளில் வெளியிட்டார். ஜான் கூல்டின் ‘ஆசியப் பறவைகள்’ 1850இல் தொடங்கி 1883இல்தான் முடிந்தது. கூல்ட் 1881இலேயே இறந்துவிட்டார், எஞ்சியதை முடித்துக் கொடுத்தவர் பௌட்லர் ஷார்ப். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட வெளியீட்டில் சந்தாதாரர் இறந்து போவதும், பாதியில் பணம் கட்டுவதை நிறுத்துவதும், வந்த தாள்கள் பைண்டரிடம் போகுமுன் காணாமல் போவதும் இயல்பாக நடந்தவை. எல்லாம் வந்து சேர்ந்தாலும், எந்த வரிசையில் அடுக்குவது, ஓரத்தை எவ்வளவு வெட்டுவது, உறைகளை வைத்துக்கொள்வதா எறிவதா என்பதையெல்லாம் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி தீர்மானித்தனர். ஆகவே ஒரே நூலின் இரு பிரதிகள் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நீங்கள் வாங்குவது நூலின் பெயரை அல்ல, ஒரு குறிப்பிட்ட பிரதியை.

எனவே முதல் வேலை எண்ணுவது. நூலுக்கு உரிய படத்தாள்கள் எத்தனை, உரைப் பக்கங்கள் எத்தனை, தலைப்புத் தாள், சந்தாதாரர் பட்டியல், பொருளடக்கம் ஆகியவை எங்கே வரவேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிரதியை முதலிலிருந்து கடைசி வரை புரட்ட வேண்டும். இதற்கு நம்பகமான பழைய நூல்விவரப் பட்டியல்கள் உண்டு: ஜிம்மர் 1926இலும், கேசி வுட் 1931இலும், ஜீன் ஆங்கர் 1938இலும், நிசன் 1953இலும் வெளியிட்டவை இன்றும் துறையினர் எண் சொல்லி மேற்கோள் காட்டுபவை. அவற்றோடு, பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணையத் தொகுப்பில் இந்த நூல்களில் பலவற்றின் முழுப் பிரதிகளும் இலவசமாகக் காணக் கிடைக்கின்றன. ஒன்றைத் திரையில் வைத்துக்கொண்டு மற்றதை மேசையில் புரட்டுவது சலிப்பான வேலைதான். ஆனால் அதற்கு மாற்று எதுவும் இல்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பிரதி பழுதற்றது என்று சொல்லிவிட முடியாது. குறைந்த தாள்களை வேறொரு பழுதான பிரதியிலிருந்து எடுத்து ஒட்டி முழுமையாக்குவது பழைய புத்தக வணிகத்தில் நெடுநாள் வழக்கம். இதைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, படத்திற்கு எதிர்ப் பக்கத்தை. அச்சு மையும் வண்ணமும் நூறாண்டுக்கு மேல் அழுந்திக் கிடக்கும்போது, எதிர்ப் பக்கத்தில் மங்கிய பழுப்பு நிழல் ஒன்று படியும். அலகும் கிளையும் வால் இறகுமாகப் பறவையின் இடவலம் மாறிய பிம்பம் அதில் தெரியும். அந்த நிழல் எதிரே இருக்கும் படத்தோடு பொருந்த வேண்டும். எதிரே மீன்கொத்தி இருக்க, நிழல் ஆந்தையினுடையதாக இருந்தால், அந்த இடத்தில் தாள் மாறியிருக்கிறது என்பது உறுதி. படத்தையும் உரையையும் பிரித்துவிட்டு மறுகட்டு கட்டியபோது வரிசை தவறியதா, வெளியிலிருந்து கொண்டு வந்து சேர்த்ததா என்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்குத் தாளின் அளவு, ஓர வெட்டு, காலப்போக்கில் தாளில் விழும் பழுப்புப் புள்ளிகளின் அமைப்பு, பூச்சி துளைத்த ஓட்டை பக்கத்துத் தாள்களிலும் தொடர்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். ஐந்து தாள்களை நேராகத் துளைத்துச் சென்ற புழு, நடுவில் ஒரு தாளை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டியிருக்க வழியில்லை.

அடுத்தது, படம் எந்த முறையில் அச்சானது என்று அறிவது. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு உருப்பெருக்கி ஒன்று போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய பறவை நூல்கள் செப்புத் தகட்டில் செதுக்கியோ அமிலத்தால் அரித்தோ அச்சிடப்பட்டவை. கரோலினா, ஃபுளோரிடா, பஹாமாத் தீவுகளின் இயற்கை வரலாற்றை 1729 தொடங்கி 1747 வரை வெளியிட்ட மார்க் கேட்ஸ்பி, செதுக்குநர்களுக்குக் கொடுக்கப் பணம் போதாமல் தாமே அந்த வேலையைக் கற்று 220 தகடுகளில் பெரும்பாலானவற்றை உருவாக்கினார். செப்புத் தகட்டைப் பெரும் அழுத்தத்தில் காகிதத்தின் மேல் பதிப்பதால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு ஒரு பள்ளமாகப் பதிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பக்கவாட்டு ஒளியில் பிடித்தால் தெரியும். ஓரம் மிகுதியாக வெட்டப்பட்ட தாளில் மட்டும் இந்த அடையாளம் போய்விடும். தாமஸ் பியூயிக் வேறு வழியில் போனார்: கடினமான பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கி, எழுத்தோடு சேர்த்தே அச்சிட்டார். 1797இலும் 1804இலும் வந்த அவருடைய பிரிட்டிஷ் பறவை நூலின் இரு தொகுதிகளிலும் வண்ணம் இல்லை. இறகின் மென்மை முழுவதும் வெள்ளைக் கோடுகளால் மட்டுமே வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லச்சு வந்தபின் பறவை நூலின் முகமே மாறிற்று. ஓவியரே கொழுப்புக் கலந்த மெழுகுக் கோலால் சுண்ணாம்புக் கல்லின் மேல் நேராக வரையலாம். இடையில் செதுக்குநர் தேவையில்லை. எட்வர்ட் லியர் பதினெட்டு வயதில் தொடங்கி 1830 முதல் 1832 வரை வெளியிட்ட கிளிகள் நூல் இதன் முதல் பெரிய சாதனை: 42 படங்கள், 175 பிரதிகள் மட்டும், உயிருள்ள பறவைகளைப் பார்த்து வரைந்தவை. அச்சு முடிந்ததும் கல்லிலிருந்து படத்தை அவர் அழித்துவிட்டதால் மறு அச்சுக்கு இடமே இருக்கவில்லை. கல்லச்சில் தகட்டு விளிம்பு இராது. உருப்பெருக்கியின் கீழ் கோடு மணல் மணலாக, கரியால் சொரசொரப்பான தாளில் வரைந்ததுபோலத் தெரியும். பின்னர் வந்த வண்ணக் கல்லச்சில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனிக் கல் உண்டு என்பதால் ஒழுங்கற்ற நிறப் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் மறுபதிப்புகள் பலவற்றிலோ, ஒரே இடைவெளியில் வரிசை பிடித்த நுண்புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளி வரிசையைக் கண்டுவிட்டால், ‘1850இன் கைவண்ணப் படம்’ என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

உங்களுக்குக் காட்டிய ரீங்காரச் சிட்டுத் தாளுக்கு வருகிறேன். கூல்டின் ரீங்காரச் சிட்டுகள் நூல் 1849 முதல் 1861 வரை 360 படங்களோடு வந்தது. அதில் கழுத்து போன்ற பகுதிகளின் மினுமினுப்பைக் காட்ட, தங்கத் தகட்டின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணமும் மெருகும் பூசினார்கள். ஆகவே தாளைச் சன்னல் ஒளியில் மெல்லச் சாய்க்கும்போது கழுத்து போன்ற மினுமினுக்கும் பகுதிகள் மட்டும் உலோகம்போல ஒளிவிட்டு அணைய வேண்டும். இலை, பூ, வானம் எல்லாம் மங்கலாகவே இருக்க வேண்டும். படத்தின் அடியில் இடப்புறம் கூல்ட், ரிக்டர் ஆகியோர் வரைந்ததாகவும், வலப்புறம் ஹல்மாண்டல், வால்டன் அச்சகத்தின் பெயரும் சிறு எழுத்தில் வருவது இந்த நூலில் வழக்கம். மறுபதிப்பிலும் இந்த எழுத்துகள் அப்படியே பிரதியாகியிருக்கலாம் என்பதால் பெயரை மட்டும் கண்டு முடிவு செய்யாதீர்கள். உருப்பெருக்கியில் மணற்கோடும், அதன் மேல் எல்லை மீறி ஆங்காங்கே வழிந்த நீர்வண்ணமும், சாய்த்தால் உலோக ஒளியும் மூன்றும் சேர்ந்து தெரிந்தால், அது கூல்டின் கல்லிலிருந்து வந்த தாள் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் வண்ணம் கூல்டின் காலத்தில் தீட்டப்பட்டதுதானா என்பது வேறு கேள்வி, அதற்கு விடை அவ்வளவு எளிதன்று.

அச்சானது கறுப்புக் கோடு மட்டும்தான். ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டியவர்கள் கூலிக்கு அமர்ந்த வண்ணக்காரர்கள். முன்னால் ஒரு மாதிரித் தாளை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத் தீட்டினார்கள். ஆகவே ஒரு பிரதியில் கிளியின் நெஞ்சு ஆழ்ந்த சிவப்பாகவும் மற்றதில் சற்று மஞ்சள் கலந்தும் இருப்பது மட்டுமே போலிக்கு அடையாளம் ஆகாது. மறுபுறம், வண்ணம் தீட்டாமலே எஞ்சிய தாள்களும் உண்டு. கூல்ட் இறந்தபின் மிஞ்சிய வெளியீட்டுச் சரக்கை லண்டன் புத்தக வணிகர் சாதரன் வாங்கினார். இத்தகைய வெற்றுத் தாள்களுக்குப் பின்னாளில் யாரும் வண்ணம் பூசலாம், பூசியும் இருக்கிறார்கள். பின்வந்த வண்ணத்தைக் காட்டிக் கொடுக்கும் தடயங்கள் சில: பழுப்புப் புள்ளியின் மேலேறி வண்ணம் படர்ந்திருந்தால், புள்ளி விழுந்த பிறகே தீட்டப்பட்டது, மடிப்பு விழுந்த இடத்தில் வண்ணம் காகித இழைக்குள் ஊறி அடர்ந்திருந்தால், மடிந்து தேய்ந்த பிறகு தீட்டப்பட்டது. பழைய வண்ணத்திற்கும் தனக்கே உரிய நோய்கள் உண்டு. ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தக வாயுவால் கறுத்துப்போகும். நாரையின் வெண்மார்பு சாம்பல் படிந்தாற்போல இருந்தால் அதை அழுக்கு என்று துடைக்கக் கூடாது. செம்புச் சேர்ந்த பச்சை தாளையே அரித்து, பின்பக்கத்தில் இலையின் வடிவத்தைப் பழுப்பாகக் காட்டும். இந்த நோய்க்குறிகளைக் கண்டால் நான் சற்று மகிழ்வேன் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். அவ்வளவு காலம் அந்த வண்ணம் அந்தத் தாளில் இருந்திருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. ஆனாலும் இவையெல்லாம் மறைமுகச் சான்றுகள்தாம். திறமையானவர் பழைய நிறமிகளைக் கொண்டு நூறாண்டுக்கு முன்பே தீட்டியிருந்தால், வெறும் கண்ணால் மட்டுமன்று, ஆய்வகத்தில்கூடப் பிரித்தறிவது கடினம். புகைப்படத்தை மட்டும் பார்த்து வண்ணத்தின் வயதைச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

காகிதத்தின் நீர்க்குறியைப் பலரும் இறுதிச் சான்றாக எண்ணுகிறார்கள். தாளை ஒளிக்கு எதிரே பிடித்தால் தெரியும் ஆலைப் பெயரும் ஆண்டும், அந்தக் காகிதம் அதற்கு முன் இருந்திருக்க முடியாது என்று மட்டுமே உறுதி செய்கின்றன; அச்சு எத்தனை ஆண்டு கழித்து நடந்தது என்று சொல்வதில்லை. செப்புத் தகடுகள் நெடுநாள் உழைக்கும் என்பதால், தலைப்புத் தாளில் ஓர் ஆண்டும் படத்தாளின் நீர்க்குறியில் அதற்குப் பிந்தைய ஆண்டும் காணக்கூடும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, பிந்தைய அச்சு, அவ்வளவே. ஆடுபானின் பெருநூலுக்கு இந்தக் குறி நல்ல துணை: ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள அந்தத் தாள்கள் ஜே வாட்மன் என்ற காகித ஆலைப் பெயரும் ஆண்டும் தாங்கிய காகிதத்தில், தகட்டுப் பள்ளத்தோடு இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் 1970களின் தொடக்கத்தில் அதே அளவில் வந்த மறுபதிப்பு வேறு நீர்க்குறி கொண்டது. ஆடுபான் தாமே 1840 முதல் 1844 வரை ஏழு சிறு தொகுதிகளில் 500 கல்லச்சுப் படங்களோடு வெளியிட்ட பதிப்பும் ஒன்று உண்டு. அது அவர் வாழ்நாளில் வந்த, மதிக்கத்தக்க நூல். பெரிய பதிப்பின் தாள் என்று அதைச் சொல்லி விற்பதுதான் தவறு.

தனித்தாள்கள் வாங்கலாமா என்பதில் துறையினர் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். என் நிலை இது: முன்பே பிரிந்து கிடக்கும் தாளை வாங்குவதில் குற்றமில்லை, முழு நூலை இன்று உடைத்துத் தாள் தாளாக விற்பவரிடம் வாங்கினால் அடுத்த நூலை உடைக்க நாமே பணம் கொடுக்கிறோம். புதிதாக வெட்டிய தாளின் உள்விளிம்பு மட்டும் வெளுப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும், மற்ற மூன்று விளிம்புகளும் காலத்தால் மஞ்சளித்திருக்கும். நூலக முத்திரையைச் சுரண்டி எடுத்த மெல்லிய இடமோ, வேதிப்பொருளால் வெளுத்த வட்டமோ தெரிந்தால் வாங்குவதை நிறுத்திவிட்டு, அந்த நூலகத்தையே கேட்பது நல்லது. படங்களுக்காக நூலகங்களில் திருட்டு நடந்த வரலாறு உண்டு. பழைய நூல்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்வதற்கும் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது.

எதில் தொடங்குவது? ஆடுபானில் வேண்டாம் என்பது சொல்லாமலே விளங்கும். வில்லியம் ஜார்டின் 1833 முதல் 1843 வரை பதிப்பித்த நாற்பது சிறு தொகுதிகளில் பதினான்கு பறவைகளுக்கு உரியவை. கைவண்ணம் தீட்டிய அவற்றின் எஃகுத் தகடுகளைச் செதுக்கியவர், ஆடுபானின் முதல் பத்துத் தகடுகளைச் செதுக்கிய அதே எடின்பரோ லிசார்ஸ். கையடக்கமான அவற்றில் ஒரு தொகுதியிலேயே செதுக்கல், கைவண்ணம், எதிர்ப்பக்க நிழல், பழுப்புப் புள்ளி எல்லாவற்றையும் பயிலலாம். பியூயிக்கின் பிற்பதிப்புகளும் இப்படிப்பட்டவையே. 1859இல் தொடங்கிய ‘ஐபிஸ்’ பறவையியல் இதழின் பழைய தொகுதிகளில் ஜோசஃப் வுல்ஃப், கியூலமன்ஸ் ஆகியோரின் கைவண்ணக் கல்லச்சுகள் இருக்கின்றன; இதழ் என்பதால் சேகரிப்பாளர்கள் இவற்றை அதிகம் துரத்துவதில்லை. இந்தியப் பறவைகளில் ஆர்வம் இருந்தால், ஜெர்டன் 1843 முதல் 1847 வரை சென்னையில் வெளியிட்ட, இந்திய ஓவியர்கள் வரைந்த ஐம்பது படங்கள் கொண்ட நூலை விலைக்கு அல்ல, பார்வைக்காவது தேடுங்கள். ஒரு பறவைக் குடும்பத்தையோ ஓர் ஓவியரையோ மட்டும் பின்தொடர்வது பலர் சொல்லும் வழி. நான் அச்சு முறை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்; ஒரே முறையில் நூறு தாளைப் பார்த்த கண்ணுக்கு நூற்றோராவது தாளின் பிசகு தானே தென்படும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய தொகுதிகளைப் படுக்க வைக்க வேண்டும், நிறுத்தினால் தாளின் எடையே தையலை அறுக்கும். ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி, ஏற்ற இறக்கமின்றி இருந்தால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் அடங்கும். ஒளி செய்யும் கேடு மீளாதது; சட்டமிட்டு மாட்டிய படம் நாள்தோறும் சிறிது வெளுத்துக்கொண்டே இருக்கும். பசை நாடா ஒருபோதும் வேண்டாம். கிழிசலைக் கோதுமை மாப்பசையும் ஜப்பானிய மென்தாளும் கொண்டு, பின்னர் பிரிக்கும்படி ஒட்டத் தெரிந்த பாதுகாப்பாளரிடம் கொடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பளிச்சென்ற மரகதப் பச்சையில் ஆர்சனிக் இருக்கக்கூடும், படத்தில் மட்டுமன்றி மேலட்டைத் துணியிலும். ஆகவே விரலை எச்சிலில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பார்த்து முடித்ததும் கையைக் கழுவுங்கள். நீங்கள் எண்ணிச் சரிபார்த்த விவரத்தையும், யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்பதையும் அமிலமற்ற தனித்தாளில் பென்சிலால் எழுதி, நூலுக்குள் செருகாமல் அதன் பெட்டியில் வையுங்கள்.